கிரில்ல சீஸ் போடுறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

முதல் தடவை நான் கிரில்ல சீஸ் போட்ட கதையை சொல்லிடறேன். மொஸரெல்லா கட்டி வாங்கிட்டு வந்து விரல் தடிமனுக்கு வெட்டி நேரா கம்பி மேல வச்சேன், ரெண்டு நிமிஷம் கூட ஆகல, பாதி கரியில மீதி கம்பியில. கொழுப்பு தணல்ல சொட்டி குப்புனு தீ எழும்பி பக்கத்துல வெந்துட்டிருந்த சிக்கனும் கருகிப்போச்சு. தீ ஜாஸ்தின்னு மச்சான் சொன்னான், கம்பியில எண்ணெய் தடவலன்னு இன்னொருத்தன் சொன்னான். ஆனா தப்பு நடந்தது கடையிலயே, அந்த பாக்கெட்டை கூடைக்குள்ள போட்டப்பவே.

விஷயம் என்னன்னா, சீஸ்ல இருக்கிற புரதம் ஒரு வலை மாதிரி பின்னிக்கிட்டு இருக்கும், அந்த வலையை இறுக்கிப் பிடிச்சிருக்கிறது கால்சியம். சீஸ் புளிக்கப் புளிக்க கால்சியம் கழண்டு போகும், வலை தளர்ந்துடும், சூடு பட்டா வழியும். மொஸரெல்லா, செடார் எல்லாம் இந்த ரகம், பீட்சாவுக்கு அது வேணும், கம்பிக்கு வேணாம். சைப்ரஸ் தீவோட ஹலூமி சீஸ்ல இந்த புளிப்பு ரொம்ப கம்மி. அதுவும் போக, உறைஞ்ச கட்டியை, பால் உறையறப்போ பிரிஞ்சு வந்த அதே பால் தண்ணியில 90 டிகிரிக்கு மேல அரை மணி நேரமாவது வேக வைப்பாங்க, அப்புறம் உப்பு, புதினா போட்டு ரெண்டா மடிச்சு உப்புத்தண்ணியில போடுவாங்க. ஏற்கனவே ஒரு தடவை வெந்த பொருள், அதனால கரி சூட்டுக்கெல்லாம் அது அசராது, வெளிய சிவக்கும், உள்ள மெத்துனு இருக்கும்.

நம்ம பன்னீரும் உருகாது, ஆனா காரணம் வேற. சூடான பால்ல எலுமிச்சை பிழிஞ்சு திரிய விடறப்போ பால் தண்ணியில போக வேண்டிய புரதமும் சேர்ந்து ஒட்டிக்கும், அதனால உருகாம அப்படியே நிக்கும். ஆனா கொழுப்பு கம்மியான பன்னீரை வாங்கி கிரில்ல போட்டா ரப்பர்தான். ஃப்ரீசர்ல கட்டியா கிடந்ததுன்னா பொலபொலன்னு உதிரும், முதல்ல ஐஸ் நல்லா விட்டுப்போக வச்சு வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் ஊற விடுங்க.

ஹலூமி வாங்கறப்போ இன்னொண்ணு. 2021ல ஐரோப்பிய யூனியன் இந்த பேருக்கு பாதுகாப்பு குடுத்துடுச்சு, சைப்ரஸ்ல செஞ்சாத்தான் அங்க ஹலூமின்னு விக்கலாம். அதனால ஜெர்மனி பக்கமெல்லாம் சும்மா கிரில் சீஸ்னு போட்டு விப்பாங்க, அது கெட்டது இல்ல, நிறைய நல்லாவே இருக்கும், பின்னாடி திருப்பி என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு மட்டும் படிங்க. பால், உப்பு, ரென்னட் (பாலை உறைய வைக்கிற பொருள்), புதினா இருந்தா சரி, தாவர எண்ணெய்னு இருந்தா நான் வச்சுட்டு வந்துடுவேன்.

சரி வாங்கியாச்சு, அடுத்த தப்பு உப்பு. ஹலூமி உப்புத்தண்ணியிலயே கிடந்த சீஸ், அதுக்கு மேல மசாலாவுல வேற உப்பு போட்டு ஊற வச்சா வாயில வைக்க முடியாது. உப்பு ஜாஸ்தியா தெரிஞ்சா அரை மணி நேரம் சாதா தண்ணியில போட்டு எடுங்க, அப்புறம் துணியால ஒத்தி நல்லா துடைங்க, ஈரத்தோட போட்டா சிவக்காம ஆவியில வேகும், கம்பியிலயும் ஒட்டும். பன்னீருக்கு இது தலைகீழ், அதுல உப்பே கிடையாது, நீங்கதான் போடணும், தயிர் மசாலான்னா தயிரை துணியில கட்டி தண்ணி வடிச்சுட்டு போடுங்க, இல்லன்னா மசாலா மொத்தமும் கரிக்குத்தான் போகும்.

வெட்டறதுல மெலிசா வெட்டற ஆசையை விட்டுடுங்க, ஒரு சென்டிமீட்டராவது இருக்கணும். ஹலூமி மடிச்சு செஞ்சதுங்கிறதால நடுவுல மடிப்புக் கோடு இருக்கும், அந்த இடத்துல பிளந்துக்கும், உங்க கத்தி மேல தப்பு இல்ல.

இப்ப நெருப்பு. கொழுந்து விட்டு எரியறப்போ யாரும் போடாதீங்க, கரி மேல சாம்பல் பூத்து தணலா ஆகட்டும். அதுக்காக தணல் செத்துப்போற வரைக்கும் காத்திருந்தாலும் வேலைக்காகாது, சூடு பத்தலன்னா சீஸ் தண்ணி விட்டு காய்ஞ்சு கெட்டியாகிடும். கம்பியை சுரண்டி சுத்தம் பண்ணி, எண்ணெயை சீஸ் மேலயே தடவி வைங்க. அப்புறம் கையை கட்டிக்கிட்டு நில்லுங்க! இங்கதான் முக்காவாசி பேர் கெடுக்கறாங்க, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை இடுக்கியால தூக்கிப் பாக்கறது. தோசை மாதிரிதான் இதுவும், முறுகினா தானா கல்லை விட்டு வரும், முறுகாம கிளப்பினா பிஞ்சுடும். ஒரு பக்கம் ரெண்டு நிமிஷம், இன்னொரு பக்கம் ரெண்டு நிமிஷம், போதும். இடுக்கியை விட தோசைத் திருப்பி நல்லது. பழைய இரும்பு தோசைக்கல் இருந்தா கிரில் மேலயே வச்சு அதுல போடுங்க, ஒட்டுற பயம் பாதி குறையும்.

உருகற சீஸ்தான் வேணும்னு அடம் பிடிச்சா அர்ஜென்டினாக்காரங்க கிட்ட கத்துக்கணும். ப்ரொவொலோனே சீஸை ரெண்டு சென்டிமீட்டர் தடிமனுக்கு வெட்டி, மூடாம வச்சு மேல்பக்கம் காய விட்டு, ஓரிகானோவும் மிளகாய்த் தூளும் தூவி சின்ன இரும்புச் சட்டியில வச்சு கிரில் மேல ஏத்துவாங்க, ப்ரொவொலேட்டான்னு பேரு. வெளிய மொறுமொறு, உள்ள குழகுழன்னு, ரொட்டியால வழிச்சு சாப்பிடணும். பிரேசில்ல கடற்கரையில கொவாலியு சீஸை குச்சியில குத்தி, கையில தூக்கிட்டு போற சின்ன கரி அடுப்புல வாட்டி விப்பாங்க, அதுவும் உருகாத ஜாதி. நீங்க மூங்கில் குச்சி எடுத்தீங்கன்னா முன்னாடியே அரை மணி நேரம் தண்ணியில ஊற போட்டுடுங்க, இல்லன்னா சீஸுக்கு முன்னாடி குச்சி எரிஞ்சிடும்.

கேமெம்பேர் மாதிரி தோல் இருக்கிற சீஸை தோலோட முழுசா ஃபாயில்ல வச்சு, நேர் தணல் இல்லாத ஓரத்துல வைக்கலாம், நடுவுல குத்திப் பாக்க மட்டும் வேணாம், ஒழுகிடும்.

கடைசியா, சீஸை முதல்ல வாட்டி தட்டுல வச்சுட்டு சிக்கன் வேகட்டும்னு உக்காந்தா ஹலூமி ஆறி செருப்புத் தோல் ஆகிடும், பல்லுல கீச்கீச்சுனு சத்தம் வேற. கறி எல்லாம் இறக்கினப்புறம், எல்லாரும் தட்டோட வந்து நின்னப்புறம் போடுங்க. எலுமிச்சையை முன்னாடியே வெட்டி வச்சுக்கோங்க, இறக்கின கையோட பிழியணும். தர்பூசணி துண்டு கூட வச்சு சாப்பிட்டுப் பாருங்க, சைப்ரஸ்ல வெயில் காலத்துல அப்படித்தான் சாப்பிடறாங்க. எங்க வீட்ல முதல்ல சிரிச்சாங்க, இப்ப பழம் வாங்காம ஹலூமி வாங்க விடறதில்ல.