பிடிகொடுக்காத ஒருவரை நேசிப்பவர்களுக்கு

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: அலைவது தொழிலா, மனமா? திருகோணமலையில் இது லேசில் குழம்பும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்கிறவர் மே முதல் செப்டம்பர் வரை இங்கே நிற்பார். வாடைக்காற்று தொடங்கினால் தெற்கே ஹிக்கடுவைக் கடற்கரைப் பக்கம் போய்விடுவார். கட்டாருக்குப் போனவர் ஒப்பந்தம் முடியாமல் வரமாட்டார். இவர்கள் ஊரில் இல்லை, அவ்வளவுதான். அடுத்த தெருவிலேயே இருந்துகொண்டு, அடுத்த மாதத்தைப் பற்றிக் கதைத்தாலே பேச்சை மாற்றுகிறவர்தான் நீங்கள் யோசிக்க வேண்டிய ஆள்.

அவரிடம் “எப்ப கலியாணம்?” என்று கேட்காதீர்கள். நாளும் நேரமும் குறித்த சின்ன விஷயங்களைக் கேளுங்கள்: “சனிக்கிழமை அஞ்சரைக்கு டச்பே கடற்கரைக்கு வாறீங்களா?” இப்படி ஒரு 10 தடவை. 20 நிமிடம் பிந்துவதைக் கணக்கெடுக்க வேண்டாம். வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்கிறாரா, வேறொரு நாளைத் தானாகத் தருகிறாரா என்று மட்டும் பாருங்கள். தந்தால், பயம் இருந்தாலும் ஆள் உங்கள் பக்கம்தான், பொறுத்திருக்கலாம். “சொறி, வேலை இருக்கு” என்ற மெசேஜோடு நாலைந்து தடவை நின்றுவிட்டால் அதுவே பதில்.

பெரிய கேள்வியை ராத்திரி போனில் கேட்காதீர்கள். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழி நல்லது. முகத்துக்கு நேரே கேட்டால் சுருங்கிப்போகிறவர், பக்கத்தில் நடக்கும்போது வாய் திறப்பார். மரத்தடியில் மான்கள் நிற்கும், கண்ணை வைக்க ஓர் இடம் கிடைக்கும். “அடுத்த வருசம் இந்த நேரம் எங்க இருப்பீங்க? அதில நான் இருக்கிறனா?” கேட்டபின் பேசாமல் நடவுங்கள். அனேகமாக நாம் பிழை விடுவது இந்த இடத்தில்தான். மௌனம் தாங்காமல், “பரவாயில்ல, இப்ப சொல்லத் தேவையில்ல” என்று தப்பும் வழியை நாமே வெட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

அலைகிறவர் பெண்ணாக இருந்தால் ஊர் வேறு பெயர் வைக்கும். அதைக் காதில் போடாதீர்கள்.

“எழுத்தை (கலியாணப் பதிவை) முடித்துவிட்டால் அடங்கிவிடுவார்” என்று வீட்டார் சொல்வார்கள். ஆபத்தான யோசனை. இலங்கையின் பொதுத் திருமணச் சட்டத்தில், மனம் ஒத்துவரவில்லை என்பது விவாகரத்துக்குக் காரணமாகாது. பிறரோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, திருமண நேரத்திலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை, இவற்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். முஸ்லிம்களுக்குச் சட்டம் வேறு. போகிறவர் போய்விடுவார், வழக்குக்கு அலைவது நீங்கள். நகையை அடகு வைத்துக் கொடுப்பதும், அவருடைய கடனுக்குப் பிணை நிற்பதும் இதே ரகம்.

உங்களுக்கென்று ஒரு திகதி குறித்துக்கொள்ளுங்கள், 6 மாதம் போதும். மிரட்டலாக அவரிடம் சொல்ல வேண்டாம். அந்த நாள் வந்தும் ஒன்றும் அசையாவிட்டால் நேரில் போய்ச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: “கோபமில்ல. இனி நான் காத்திருக்க மாட்டன்.” அவருடைய ஹெல்மெட்டோ திறப்போ உங்களிடம் இருந்தால் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். வைத்திருந்தால், அதைச் சாட்டி இன்னொரு சந்திப்பு வரும்.