வியர்வைச் சுரப்பிக் கட்டி: எதை விட்டுவைக்கலாம், எதைக் காட்ட வேண்டும்

கண்ணின் கீழ் இமையில் இரு பக்கமும் ஒரே மாதிரி, தோல் நிறத்திலோ சற்று மஞ்சளாகவோ, 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் சிறுசிறு பருக்கள் எழுந்திருந்தால் அவை பெரும்பாலும் சிரிங்கோமாவாக இருக்கும். வியர்வையை வெளியே கொண்டுவரும் குழாயிலிருந்து தோன்றும் இக்கட்டி பருவமடைந்த பிறகு பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. வலிப்பதும் இல்லை, தொற்றுவதும் இல்லை. கேரள-தமிழ்நாடு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஊர்களில் இதைப் பாலுண்ணி என்று எண்ணிச் சுண்ணாம்பு வைப்பவர்கள் உண்டு. இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. அங்கே சுண்ணாம்பு பட்டால் தோல் வெந்து தழும்பு விழும், கண்ணுக்குள் போனால் பார்வைக்கே கேடு.

முதலில் பகல் வெளிச்சத்தில் பார்த்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில மாதங்கள் கழித்து அதே இடத்தை மறுபடியும் எடுத்து ஒப்பிட்டால், வளர்கிறதா இல்லையா என்பது ஊகமாக இல்லாமல் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இமையோரத்தில் நீர் கோத்த சிறு கொப்புளம்போல, லேசாக நீலம் பாய்ந்து ஒன்று நிற்கிறதென்றால், வெயிலோடு அது எப்படி நடந்துகொள்கிறது என்று கவனியுங்கள். பாலக்காட்டுக் கணவாயின் ஏப்ரல் வெயிலிலும், டீக்கடை அடுப்பின் முன்னால் நெடுநேரம் நின்ற பிறகும் பெருத்து, மார்கழியில் சுருங்கினால், அது ஹைட்ரோசிஸ்டோமா என்னும் வியர்வைச் சுரப்பி நீர்ப்பையின் ஒரு வகையாக இருக்கலாம். ஊசியால் குத்தினால் நீர் வடியும். ஆனால் பை உள்ளேயே இருப்பதால் மறுபடியும் நிறையும்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது உள்ளங்காலைத்தான். பாதத்தின் அடியிலோ ஓரத்திலோ சிவந்து, ஈரமாக, சுற்றிலும் அகழி வெட்டியதுபோல ஒரு பள்ளத்துடன் ஒற்றைக் கட்டி எழுந்து, செருப்பு உரசினாலே இரத்தம் கசிந்தால், அது பொரோமா என்னும் வியர்வைக் குழாய்க் கட்டியாக இருக்கக்கூடும். வயலில் வெறுங்காலோடு நிற்பவர்கள் இதைக் கால் ஆணி என்று நினைத்துப் பிளேடால் சீவுகிறார்கள், ஆணிப் பிளாஸ்திரி ஒட்டுகிறார்கள். தீங்கற்ற கட்டிதான் என்றாலும் அரிதாக இதிலிருந்து புற்றுநோய் உருவாவதுண்டு. ஆகவே முழுதாக வெட்டி எடுப்பதே முறை. அழுத்தினால் சுருக்கென வலிக்கும் நீலநிறக் கட்டியையும், தலையில் ஒன்றன்பின் ஒன்றாக எழும் வழவழப்பான கட்டிகளையும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னது குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனெனில் அது மரபணு வழியாக வருவதாக இருக்கலாம்.

வெட்டி எடுத்த எந்த ஒற்றைக் கட்டியையும் பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பாமல் விடாதீர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மருத்துவர், அந்தப் பக்கம் கோயம்புத்தூரில் இன்னொருவர் என்று மாறி மாறிப் பார்க்கும் நம் வழக்கத்தில் சீட்டுகள் தொலைவது சகஜம். ஆகவே அறிக்கையின் மூலப்படியைப் பத்திரப்படுத்துங்கள். மெழுகில் பதித்த திசுத்துண்டு ஆய்வகத்தில் இருக்கும், இரண்டாம் கருத்துக்கு அதைக் கேட்டுப் பெறலாம். சிரிங்கோமா அறிக்கையில் ‘கிளியர் செல்’ என்று இருந்தால் சர்க்கரையையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அந்த வகை நீரிழிவோடு சேர்ந்து காணப்படுவதுண்டு.

அழகுக்காகச் சிரிங்கோமாவை எடுக்க விரும்பினால் மின்சாரத்தால் சுடுதல், கார்பன் டை ஆக்சைடு லேசர் ஆகியவை உள்ளன. வேர் தோலின் ஆழத்தில் இருப்பதால் கட்டிகள் திரும்பி வருவதுண்டு. நம் நிறத்துக்குக் கருந்தழும்பும் எளிதில் விழும். எனவே இதை அழகு நிலையத்தில் செய்துகொள்ளாமல், தோல் மருத்துவரிடம் முதலில் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துப் பார்த்து, அந்த இடம் ஆறிய விதத்தைக் கண்ட பிறகே மற்றவற்றை முடிவு செய்யுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். உள்ளங்காலில் தையல் போட்டிருந்தால் அது பிரிய இரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால், நடவுக்கும் அறுப்புக்கும் இடைப்பட்ட ஓய்வு நாட்களில் அறுவைக்கு நாள் குறிப்பது நல்லது.