கோரஸில் நின்று தொடங்குங்கள்: அமெச்சூர் இசை நாடகத்துக்கு முதல் படிகள்

பாட வரும், மேடை ஏற ஆசை, ஆனால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. இப்படிக் கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முக்கிய வேடத்துக்குக் குறிவைக்காதீர்கள், கோரஸில், அதாவது பின்னால் நின்று சேர்ந்து பாடி ஆடும் கூட்டத்தில், சேருங்கள். பாட்டு, வசனம், நடனம் மூன்றும் சேர்ந்து கதை சொல்லும் மியூசிக்கல் வகை நாடகங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். வேலை நேரம் போக, சம்பளமில்லாமல் இவற்றைப் போடும் குழுக்கள் நிற்பதே கோரஸின் பலத்தில்தான்.

படி 1: முதலில் டிக்கெட் வாங்கிப் பாருங்கள்

சேர நினைக்கும் குழுவின் நாடகத்தை முதலில் பார்வையாளராகப் பாருங்கள். பெரும்பாலும் சில நாட்கள்தான் நடக்கும், தள்ளிப்போட வேண்டாம். நாயகி பாடும்போது எல்லோர் கண்ணும் அவர்மேல் இருக்கும். நீங்கள் மட்டும் பின்வரிசையைக் கவனியுங்கள். அவர்கள் எங்கே பார்க்கிறார்கள், எப்போது மூச்சு எடுக்கிறார்கள், பாட்டு இல்லாத நேரத்திலும் கதைக்குள் இருக்கிறார்களா? நாளை நீங்கள் நிற்கப்போகும் இடம் அது.

போனில் படம் பிடிக்காதீர்கள். இருட்டில் அந்த வெளிச்சம் நடிகர் கண்ணில் அடிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று உரிமம். காப்புரிமை உள்ள நாடகத்தை அமெச்சூர் குழுவும் கட்டணம் கட்டி, எழுத்தில் அனுமதி வாங்கித்தான் போட வேண்டும். அந்த அனுமதியில் வீடியோ எடுப்பது பெரும்பாலும் சேராது. (1871 முதல் 1896 வரை ஆங்கிலேயர்களான கில்பர்ட் பாட்டும் வசனமும் எழுத, சல்லிவன் இசையமைக்க, இருவரும் சேர்ந்து உருவாக்கிய 14 ஆப்பராக்களுக்குக் (இசை நாடகங்களுக்குக்) காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அமெச்சூர் மேடைகள் அவற்றை விடாமல் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.)

படி 2: ஆடிஷன்

ஆடிஷன் என்பது நடிகரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. பெரும்பாலும் 16 பார் அல்லது 32 பார் பாடச் சொல்வார்கள். பார் என்பது இசைத்தாளில் தாளத்தின் ஒரு சுற்று. ஒரு பாருக்கு நான்கு தட்டு, நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் 16 பார் என்பது வெறும் 32 வினாடி. அதனால் பாட்டைத் தொடக்கத்திலிருந்து பாடாதீர்கள். உங்கள் குரல் நன்றாக நிற்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருதியில்தான் பலரும் தடுமாறுகிறோம். முதல் ஆடிஷனுக்கு நான் பதிவைக் கேட்டுக் கேட்டுப் பழகிப் போனேன். பியானோவில் வேறு சுருதியில் வாசித்ததும் இரண்டாவது வரியில் தொண்டை எட்டவில்லை. உங்கள் சுருதி எத்தனை கட்டை என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கட்டை என்றால் பியானோவில் சி, நான்கு கட்டை எஃப், ஐந்து கட்டை ஜி. அந்தச் சுருதியில் எழுதிய இசைத்தாளையே கொண்டுபோங்கள். பியானோ வாசிப்பவருக்கு வேகம் காட்ட விரலைச் சொடுக்க வேண்டாம், அது மரியாதையாக இராது. முதல் வரியை அவர் பக்கத்தில் மெல்லப் பாடிக் காட்டினால் போதும்.

தேர்வாகவில்லையென்றால் அன்றே போய், மேடைக்குப் பின்னால் வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். உடை மாற்ற உதவ, பொருட்களை எடுத்துக் கொடுக்க அநேகமாக எப்போதும் ஆள் தேவைப்படும்.

படி 3: ஒத்திகை

பென்சில் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம். இயக்குநர் இன்று சொன்னதை அடுத்த வாரம் மாற்றுவார். மூச்சு எடுக்கும் இடத்தில் வரிக்கு மேலே ஒரு காற்புள்ளி போடுங்கள். பக்கத்தில் நிற்பவர் அதே இடத்தில் மூச்சு எடுக்கிறாரா என்று பாருங்கள். நீண்ட வரி ஒன்றில் எல்லோரும் ஒன்றாக மூச்சு இழுத்தால் பாட்டில் ஓட்டை விழும். மாற்றி மாற்றி எடுத்தால் ஒரே குரலாக ஓடும். எனக்குக் கோரஸ் பிடித்துப்போனது இந்த ஒன்றால்தான்.

மேடையில் இடது, வலது என்பது பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடது, வலது. நடனத்தை எட்டு எட்டாக எண்ணுவார்கள். "ஐந்து, ஆறு, ஏழு, எட்டு" என்று குரல் வந்தால் அடுத்த எண்ணில் கால் நகர வேண்டும்.

படி 4: கடைசி வாரம்

வாத்தியக் குழுவோடு உட்கார்ந்தபடியே எல்லாப் பாட்டையும் பாடும் ஒத்திகை ஒன்று உண்டு. ஜெர்மன் பெயரிலேயே சிட்ஸ்ப்ரோப என்பார்கள். அதுவரை பியானோவில் மட்டும் கேட்ட பாட்டு அன்று முழு வாத்தியங்களோடு வரும், மெய்சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பில், பாடத் தொடங்க வேண்டிய இடத்தைத் தவறவிடாமல், வாத்தியக் குழுவை நடத்துபவரின் கையைப் பாருங்கள். அடுத்தது விளக்கு, ஒலி சரிபார்க்கும் ஒத்திகை. மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டிவரும். தண்ணீர் பாட்டிலும் வசதியான செருப்பும் எடுத்துப் போங்கள்.

நாடகத்தன்று, மேடை வேலைகளை ஒருங்கிணைக்கும் ஸ்டேஜ் மேனேஜர், தொடங்க இன்னும் "ஐந்து நிமிடம்" என்று அறிவித்தால் "நன்றி, ஐந்து" என்று திருப்பிச் சொல்லுங்கள். உங்கள் காதில் விழுந்தது அவருக்குத் தெரிய வேண்டும். பிறகு திரைக்குப் பக்கத்து இருட்டில் சத்தமில்லாமல் காத்திருங்கள். அங்கிருந்து பார்வையாளர் ஒருவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால் அவருக்கும் நீங்கள் தெரிவீர்கள். இரண்டடி பின்னால் தள்ளி நில்லுங்கள்.