வீட்டில் முதல் பீர்: அடுப்பை அணைத்த பிறகு நடக்கும் தவறுகள்

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குபவர்கள் கவனம் முழுவதையும் கொதிக்கும் பாத்திரத்தின் மேலேயே வைக்கிறார்கள். எந்த மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), எந்த ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), எத்தனை நிமிடம் என்பதுதான் பேச்சு. அந்த ஒரு மணி நேரத்தில் கெடுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூடி போட்டுக் கொதிக்கவிடக் கூடாது, மால்ட் பாகை ஊற்றும்போது அடிப்பிடிக்காமல் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். பீர் கெடுவது அதற்கப்புறம்தான்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். ஆசையாக இருந்தாலும் வேண்டாம். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம். விற்கவும் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. கீழே சொல்வதெல்லாம் சிங்கப்பூர் மாதிரி வெக்கையான ஊரில், மால்ட் பாகில் 20 லிட்டர் பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் போடுபவருக்கு.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. பீரை நொதிக்க வைக்கும் வாளி, சோப்புப் போட்டுத் தேய்த்தால் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், ஆனால் காட்டு ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் அது போதுமான இடம். ஆறிய வோர்ட்டை, அதாவது கொதிக்க வைத்த மால்ட் கரைசலைத் தொடும் கரண்டி, டியூப், மூடி, ஈஸ்ட் பொட்டலத்தை வெட்டும் கத்தரிக்கோல் உட்பட எல்லாவற்றையும் ஸ்டார் சான் போன்ற அமிலக் கரைசலில் நனைத்தெடுக்க வேண்டும். 20 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 மில்லி போதும். நுரையைப் பார்த்துப் பயந்து மறுபடி குழாய்த் தண்ணீரில் அலசினால் செய்த வேலை வீண். பலரும் மறக்கும் இடம் வாளியின் அடியிலுள்ள குழாய். அதைக் கழற்றிப் பாருங்கள்: திருகுப் பள்ளத்தில் போன தடவையின் பழுப்புப் பிசுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். ப்ளீச்சிங் தண்ணீர் பக்கமே போகாதீர்கள்; குளோரின் மிச்சமிருந்தால் பீரில் பிளாஸ்திரி வாசனை அடிக்கும். குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் கலக்கும் குளோரமினும் அதே வேலையைச் செய்யும், கொதிக்க வைத்தாலும் லேசில் போகாது. குளோரினை முறிக்கும் கேம்டன் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துப் போட்டால் 20 லிட்டருக்குத் தீர்ந்தது கதை.

அடுத்தது சூடு. நம் வீடுகளில் இட்லி மாவு பழக்கம். சமையலறை வெக்கையாக இருந்தால் நன்றாகப் பொங்கும் என்று சந்தோஷப்படுவோம். பீர் ஈஸ்டிடம் அந்தக் கணக்கு செல்லாது. பரவலாகக் கிடைக்கும் அமெரிக்க ஏல் ஈஸ்டுகளுக்கு 18 முதல் 22 டிகிரி வரை நல்லது. அறை 30 டிகிரி என்றால், நொதிக்கும்போது வெளிவரும் சூட்டில் வாளிக்குள் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடவே இருக்கும். விளைவு நகப்பூச்சு வாசனையும், குடித்தால் தலைவலியும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஈரத் துணி சுற்றி, ஐஸ் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றலாம். முதல் மூன்று நாளுக்கு இதைச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் நார்வே கிராமங்களிலிருந்து வந்த க்வைக் ஈஸ்டை வாங்குவது புத்திசாலித்தனம். அதில் வோஸ் வகை 35 டிகிரியிலும் சுத்தமாக நொதிக்கும், லேசான ஆரஞ்சு மணம் வரும். குளிரில் நொதிக்கும் லாகர் பீர் மேல் ஆசைப்பட்டால் 10 டிகிரியைப் பிடித்து வைக்கத் தனி ஃபிரிட்ஜ் வேண்டும். முதல் தடவைக்கு அது வேண்டாத வம்பு.

குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும் ஊரில் வோர்ட்டை ஆற வைப்பதும் பாடுதான். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி வையுங்கள். ஃப்ரீசர் ஐஸை நேரே உள்ளே கொட்டினால் மீன் வாசனையும் கிருமியும் சேர்ந்து வரும். கை பொறுக்காத சூட்டில் ஈஸ்டைத் தூவினால் அது செத்துவிடும்.

வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது, முடிந்துவிட்டது என்று பாட்டிலில் அடைப்பது எல்லாவற்றையும் விட ஆபத்தான தவறு. மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழி வராது; நொதித்தல் முடிந்த பிறகு அறை சூடேறினாலும் குமிழி வரும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை நம்புங்கள். 1.050-இல் தொடங்கியது 1.010-க்கு வந்து, மூன்று நாள் கழித்தும் அதே அளவு காட்டினால் முடிந்தது என்று அர்த்தம்; ஆல்கஹால் 5 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். நடுவில் அடிக்கடி மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் கையைக் கட்டிப்போடுங்கள்.

அடைக்கும்போது, வாயு ஏறுவதற்கான சர்க்கரையைப் பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் என்று கண்ணளவில் போடாதீர்கள். 20 லிட்டருக்கு 120 கிராம் எடை போட்டு, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற்றி, மொத்தப் பீரிலும் சலசலப்பில்லாமல் கலக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் காற்று கலந்தால் சில வாரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். சர்க்கரை கூடினாலோ, நொதித்தல் முடியாமல் அடைத்தாலோ பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில் முகத்தில் பாய்வது விளையாட்டல்ல. மெல்லிய கண்ணாடி, ஒயின் பாட்டில் எதுவும் உதவாது. அழுத்தம் தாங்கும் கெட்டியான பழுப்பு பீர் பாட்டில், அல்லது காலி சோடா பெட் (PET பிளாஸ்டிக்) பாட்டில் எடுங்கள். பெட் பாட்டிலில் ஒரு வசதி, விரலால் அமுக்கிப் பார்த்தாலே வாயு ஏறியது தெரியும். கல்லு மாதிரி ஆனதும், வெயில் படாத அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.