கத்தியில்லாமல் பன்றிக்குக் காயடிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிப் பத்து இருபது பன்றி வளர்க்கிற வீடுகள் உண்டு. காயடிக்காமல் வளர்ந்த ஆண் பன்றியின் இறைச்சியில் வாடை வரும் என்பதால், இரண்டு மூன்று வார ஆண் குட்டியைத் தலைகீழாகப் பிடித்து, வலி மருந்துகூட இல்லாமல் விதையை அறுத்தெடுப்பதுதான் வழக்கம். குட்டி அலறுகிற அலறலுக்குத் தாய்ப்பன்றி கூட்டுக் கம்பியை முட்டி முட்டி வாயில் நுரை தள்ளும். அதைப் பார்த்த பிறகுதான் வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

வழிகள் இருக்கின்றன. ஆனால் கத்தி வேண்டாம் என்றால் வேலையே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறோம். தவறெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், ஆட்டுக்கும் காளைக்கன்றுக்கும் போடுகிற இடுக்கியையோ ரப்பர் வளையத்தையோ பன்றியிடம் கொண்டுபோகாதீர்கள். ஆட்டுக்கு விதைப்பை தொங்கும். பன்றிக்கு அது வாலுக்குக் கீழே உடம்போடு ஒட்டியே இருக்கும். விதைக்குப் போகும் நரம்பு இடுக்கியிலோ வளையத்திலோ சரியாகப் பிடிபடாது. வேதனையும் புண்ணும்தான் மிச்சம்.

அடுத்தது தடுப்பூசி. இம்ப்ரோவாக் என்ற பெயரில் 1998-லேயே ஆஸ்திரேலியாவில் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் அனுமதித்தது. ஹார்மோன் ஊசி என்று பலர் பயப்படுகிறார்கள். ஹார்மோன் இல்லை. விதையை வேலைசெய்ய வைக்கும் கட்டளை மூளையிலிருந்து கிளம்புகிறது. அந்தக் கட்டளைக்கு எதிராகப் பன்றியின் உடம்பையே எதிர்ப்புச் சக்தி உண்டாக்க வைக்கிறது, அவ்வளவுதான்.

இதில் மிகப் பெரிய தவறு ஒரு டோஸோடு நிறுத்துவது. முதல் டோஸ் உடம்பைப் பழக்க மட்டும்தான். விதை அப்படியே வேலைசெய்துகொண்டிருக்கும். குட்டிக்கு எட்டு வாரம் ஆன பிறகு முதல் டோஸ், குறைந்தது நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் அறுப்பு. கணக்கை அறுக்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கிறிஸ்துமஸுக்காக டிசம்பர் 23 அறுப்பு என்றால் நவம்பர் 18 இரண்டாவது டோஸ். முதல் டோஸ் அக்டோபர் 21-க்குள் முடிந்திருக்க வேண்டும். இரண்டு டோஸும் கிடைக்கும் என்று கால்நடை மருத்துவரிடம் உறுதிசெய்த பிறகே முதல் ஊசியைத் தொடுங்கள். நல்ல விலை என்று இடையில் வியாபாரி வந்து நின்றாலும் கொடுத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் அது காயடிக்காத கிடாதான், அதாவது முழு ஆண் பன்றிதான்.

ஊசி போட்ட பன்றிக்கு முதுகில் மை அடையாளம் வையுங்கள். கூட்டத்தில் ஒன்று தப்பிவிடும், எனக்கே தப்பியிருக்கிறது. இரண்டாவது டோஸ் போட்டு இரண்டு வாரத்தில் பின்பக்கம் பாருங்கள்: விதை சிறுத்திருக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது அடங்கியிருக்கும். அடங்காததை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம் பசி கூடும்; கேட்கிற அளவெல்லாம் தீனி போட்டால் கொழுப்புதான் ஏறும். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது.

இதை மட்டும் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள். ஊசி நம் கையில் குத்திவிட்டால் அது நம் உடம்பிலும் வேலை செய்யும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இனப்பெருக்கத் திறன் பாதிக்கலாம். பாதுகாப்பு மூடி உள்ள ஊசிக் கருவி வேண்டும். கர்ப்பிணிகள் இந்த மருந்தைத் தொடவே கூடாது. ஒருமுறை குத்துப்பட்டவர் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதன்பின் இந்த மருந்தைக் கையாளக் கூடாது.

எதுவுமே செய்யாமல் கிடாவாகவே வளர்ப்பது இன்னொரு வழி. பிரிட்டனில் பெரும்பாலும் அப்படித்தான். கிடா வேகமாக வளரும், தீனியும் குறைவாகவே செலவாகும். ஆனால் பருவம் வருமுன் விற்றுவிட வேண்டும். "பெருநாள் வரட்டும், இன்னும் இருபது கிலோ ஏறட்டும்" என்று ஆறேழு மாதத்துக்கு இழுத்தால் வாடை வந்துவிடும். பெட்டைகளையும் அதற்கு முன்பே தனிக்கூட்டுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் சினை பிடித்துவிடும்.

வாடை முழுவதும் விதையால் வருவதும் இல்லை. வாடைக்குக் காரணமான பொருள்கள் இரண்டு: ஆண்ட்ரோஸ்டீனோன் விதையில் உண்டாகிறது; ஸ்கேட்டோல் என்பது குடலில் உண்டாகிறது. சாணியிலும் மூத்திரத்திலும் புரளும் பன்றிக்கு இரண்டாவது கூடும். ஆனி ஆடி மழையில் தரை சொதசொதவென்று கிடக்கும் கூட்டில், ஊசி போட்டும் வாடை வருகிறதே என்று மருந்தைத் திட்டிப் பயனில்லை. படுக்கும் இடம் காய்ந்திருக்க வேண்டும்.

இறைச்சியைப் பச்சையாக மோந்து பார்த்து "ஒன்றுமில்லை" என்று விற்பதும் தவறு. சூட்டில்தான் வாடை கிளம்பும். முதுகுக் கொழுப்பில் ஒரு துண்டை எண்ணெய் விடாமல் சட்டியில் போட்டு மூடி, சூடேறியதும் திறந்து மோந்து பாருங்கள். ஆண்ட்ரோஸ்டீனோன் வாடை சிலருக்குப் பிறவியிலேயே தெரியாது. என் மூக்குக்கு ஒன்றும் தெரியாத சட்டியைத் திறந்ததும் என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதனால் இரண்டு மூன்று பேராவது மோந்து பார்க்க வேண்டும்.