ஒர்க்‌ஷாப்ல எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க எந்த டிகிரீசர் வாங்கணும், எப்படி யூஸ் பண்ணணும்

டிகிரீசர் வாங்கப் போனா கடைல "நல்லா ஸ்ட்ராங்கா வேணுமாண்ணா?"ன்னு கேப்பாங்க, நாமளும் சரின்னு ஒரு கேனைத் தூக்கிட்டு வந்துடுவோம். அங்கதான் தப்பே ஆரம்பிக்குது. கோயம்புத்தூர்ல பம்பு பார்ட்ஸ் ஓடுற ஒரு மெஷின் ஷாப்ல சூப்பர்வைசரா இருக்கேன், ஒரு தடவை நடந்ததை முதல்ல சொல்லிடுறேன். புதுசா சேந்த பையன்கிட்ட எண்ட் கவர் எல்லாம் கழுவி வைடான்னு சொல்லிட்டு டிஸ்பேட்ச் பக்கம் போயிட்டேன், எதுல கழுவணும்னு சொல்லல. அவன் தரைக்கு வெச்சிருந்த காஸ்டிக் சோடா கேனை டப்ல ஊத்தி 40 அலுமினியம் கவரையும் முக்கிட்டான். திரும்பி வந்து பாத்தா டப்பு சோடா பாட்டில் ஒடைச்ச மாதிரி பொங்குது, பக்கத்துல நிக்க முடியல, மூக்கு எரியுது, கவர் எல்லாம் கரி அப்பின மாதிரி கறுத்துப்போச்சு, பேரிங் உக்கார்ற இடத்துல சைஸே போச்சு. அலுமினியமும் காஸ்டிக்கும் சேந்தா சட்டுனு தீப்புடிக்கற ஹைட்ரஜன் கேஸ் வரும், அன்னைக்குப் பக்கத்துல வெல்டிங் ஓடலங்கறதுதான் நாங்க பண்ண புண்ணியம்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடியே ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும். ஒட்டியிருக்கறது என்ன எண்ணெய், எது மேல ஒட்டியிருக்கு.

கேன்டீன் சிம்னில இருக்கறது சமையல் எண்ணெய். அதுல காஸ்டிக் மாதிரி கார கெமிக்கல் பட்டா எண்ணெயே சோப்பா மாறி தண்ணியோட வந்துடும். ஆனா லேத்துல, கியர் பாக்ஸ்ல இருக்கறது மினரல் ஆயில், அது சோப்பா மாறவே மாறாது, எவ்வளவு காஸ்டிக் கொட்டினாலும் வேஸ்ட்தான். அதுக்கு எண்ணெயைப் பிரிச்சுத் தண்ணியோட கலக்க வைக்கற சோப்பு சரக்கு இருக்கற வாட்டர் பேஸ் டிகிரீசர் போதும், இல்லன்னா சால்வென்ட், அதாவது மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெயைக் கரைக்கற திரவம். இன்னொன்னு, சிம்னி ஃபில்டர் நிறைய இடத்துல அலுமினியம்தான், அதனால அங்கயும் காஸ்டிக் ஊத்தறதுக்கு முன்னாடி என்ன மெட்டல்னு பாத்துக்கோங்க. அலுமினியம், பித்தளை, பெயிண்ட் அடிச்ச பாடி இதுக்கெல்லாம் பிஎச் (காரம் எவ்வளவுன்னு காட்டற நம்பர், 7க்கு மேல ஏற ஏற காரம் ஜாஸ்தி) 7ல இருந்து 9க்குள்ள இருக்கறது சேஃப், வார்ப்பு இரும்புக்கும் சிமெண்ட் தரைக்கும் 11, 12 வரைக்கும் போகலாம். எதுவா இருந்தாலும் ஒரு ஓரத்துல தடவி அஞ்சு நிமிஷம் வெச்சுப் பாத்துட்டு அப்புறம் முழுசா போடுங்க.

பிஎச் எல்லாம் எங்க பாக்கறதுன்னா, சப்ளையர்கிட்ட எஸ்டிஎஸ், அதாவது சேஃப்டி டேட்டா ஷீட் கேளுங்க. 16 பகுதி இருக்கும், 2வதுல என்ன ஆபத்து, 4வதுல முதலுதவி, 8வதுல என்ன கிளவுஸ், 9வதுல பிஎச்சும் ஃபிளாஷ் பாயிண்ட்டும் (எந்தச் சூட்டுல இருந்து அதோட ஆவி தீப்புடிக்கும்ங்கறது) இருக்கும். அது இல்லைங்கறவர்கிட்ட சரக்கு வாங்காதீங்க, நான் வாங்கறதில்ல.

பெட்ரோல்ல கழுவற பழக்கம் இன்னும் நிறைய பட்டறைல இருக்கு, தயவுசெஞ்சு விட்டுருங்க. அதோட ஃபிளாஷ் பாயிண்ட் மைனஸ் 40 டிகிரி கிட்ட, அதாவது நம்ம ஊர் மார்கழிக் குளிர்லகூட தீப்புடிக்கத் தயாரா ஆவி வந்துட்டே இருக்கும், அந்த ஆவி காத்தை விட கனம், தரையோட தவழ்ந்து போய் பத்தடி தள்ளி இருக்கற கிரைண்டர் பொறில புடிச்சுட்டுத் திரும்பி வரும். உள்ள பென்சீன் வேற இருக்கு, அது கேன்சர் வர வைக்கற சாமான். பேரிங் கழுவ மண்ணெண்ணெய் மாதிரி சால்வென்ட் போதும், கழுவினதும் ஏர் கன் வெச்சு சுத்த விடாதீங்க, உள்ள இருக்கற இரும்பு குண்டு தெறிக்கும். தீப்புடிக்காதுன்னு சொல்லி விக்கற குளோரின் சால்வென்ட்டும் நல்லது இல்ல. டிரைகுளோரோஎத்திலீன் கிட்னி கேன்சருக்குக் காரணம்னு உறுதியான ஒண்ணு. குளோரின் இருக்கற பிரேக் கிளீனர் அடிச்ச பார்ட் காயறதுக்குள்ள வெல்டிங் வெச்சா ஃபாஸ்ஜீன்னு விஷ வாயு வரும், ஆளையே கொல்லும்.

விலை பாக்கறப்ப கேன் ரேட்டை பாக்காதீங்க, கலக்கினப்புறம் லிட்டர் என்ன ஆகுதுன்னு பாருங்க. லிட்டர் 200 ரூபா கான்சன்ட்ரேட்டை ஒண்ணுக்கு இருவது தண்ணின்னு கலக்கினா கலக்கின லிட்டர் பத்து ரூபாகூட வராது. அளவு கப் வெச்சு ஊத்துங்க, கேன் மூடில குத்துமதிப்பா ஊத்தினா பசங்க எப்பவும் ஜாஸ்திதான் ஊத்துவாங்க, ஜாஸ்தியா ஊத்தினா தரைல சோப்புப் படலம் நின்னு வழுக்கும். காஸ்டிக் கலக்கறதா இருந்தா தண்ணியை முதல்ல எடுத்து அதுல காஸ்டிக்கை கொஞ்சம் கொஞ்சமா போடணும், மாத்திப் பண்ணினா கொதிச்சு மூஞ்சில தெறிக்கும்.

தரை கழுவறதுக்கு நாங்க பண்றது இதுதான். ஞாயித்துக்கிழமை மெயின் ஆஃப் பண்ணிட்டு முதல்ல மெட்டல் சில்லு, சுருள் எல்லாம் கூட்டி, தேங்கின ஆயில் மேல மரத்தூள் கொட்டி அள்ளிடுவோம், ஏன்னா ஆயில் குளமா நிக்கறப்ப கெமிக்கல் ஊத்தினா அது அந்த ஆயிலோட சண்டை போட்டே தீந்துடும். அப்புறம் உள் மூலைல ஆரம்பிச்சு வாசல் பக்கமா வந்துட்டே ஊத்தறது, பத்து நிமிஷம் ஊற விடறது. வெயில் அடிக்கற இடம்னா காயாம தண்ணி தெளிச்சுட்டே இருக்கணும், காஞ்சுதுன்னா பிசுக்கு திரும்பி ஒட்டிக்கும். வெந்நீர்ல கலக்கினா பாதி வேலை மிச்சம், 50 டிகிரி போதும். கெட்டி பிரஷ்ல தேச்சு, வைப்பர்ல வழிச்சு, ரெண்டு தடவை நல்ல தண்ணி விடுங்க. மெஷின் மேல ஸ்பிரே அடிக்காம துணில நனைச்சுத் துடைங்க, ஸ்பிரே பனி மாதிரி பறந்து நெஞ்சுக்குள்ள போகும். மோட்டார், பேனல் போர்டுக்கு வாட்டர் பேஸ் கிட்டயே கொண்டு போகாதீங்க, கரண்ட்டை ஆஃப் பண்ணி லாக் போட்டுட்டு, எலக்ட்ரிக்கல் பார்ட்டுக்குன்னே விக்கற காண்டாக்ட் கிளீனர்தான். கழுவின இரும்பு பார்ட்டை உடனே ஏர் அடிச்சுக் காயவெச்சு ரஸ்ட் ஆயில் தடவலன்னா மறுநாள் காலைல செம்மண் கலர்ல நிக்கும்.

கைக்கு நைட்ரைல் கிளவுஸ். லேடெக்ஸ் ஆயில் பட்டா ஊறி உப்பிக் கிழிஞ்சுடும். கண்ணாடி கட்டாயம். கண்ணுல பட்டுட்டா ஓடுற தண்ணில 15 நிமிஷம் விடாம கழுவிட்டு டாக்டர்கிட்ட ஓடணும், காரம் பட்டா முதல்ல வலி கம்மியா இருந்தாலும் உள்ள அரிச்சுட்டே போகும். கூல் டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கறதை மட்டும் பாத்தா எனக்குக் கோவம் வந்துடும், யாராவது தாகத்துல எடுத்துக் குடிச்சுட்டா என்ன பண்ணுவீங்க? சின்ன கேன்ல மாத்தினா பேர் எழுதி ஒட்டுங்க, தமிழ்ல மட்டும் எழுதினா போதாது, இந்திக்காரப் பசங்க நிறைய இருக்காங்க, அவங்களும் படிக்கற மாதிரி இருக்கணும்.

கடைசியா அந்த அழுக்குத் தண்ணி. சாக்கடைல விட்டுடாதீங்க, சுத்தி வந்து நொய்யலுக்குத்தான் போகும். பேரல்ல ஒரு ராத்திரி நிக்க விட்டு மேல மிதக்கற ஆயிலை எடுத்து யூஸ்டு ஆயில் டிரம்ல சேத்து, பொல்யூஷன் போர்டு அனுமதி வாங்கினவங்ககிட்ட மட்டும் குடுங்க, மீதி தண்ணி டிரீட்மென்ட் பிளான்ட்டுக்கு. ஆயில் துடைச்ச பனியன் வேஸ்ட்டை மூலைல குவிக்காம மூடி போட்ட தகர டின்ல போட்டு, ஷிப்ட் முடியறப்ப வெளிய எடுத்துடுங்க.