ரொறன்ரோவில் பின்வளவில் நெருப்பு மூட்டமுன்

ஊரில் வளவு கூட்டிச் சருகைக் குவித்துக் கொளுத்தினால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. ரொறன்ரோவில் அது குற்றம். சருகையும் சுள்ளியையும் பெரிய கடதாசிப் பையில் அடைத்து, நகரசபை எடுக்கிற நாளில் வீதியோரம் வையுங்கள். பிளாஸ்ரிக் பையில் கட்டினால் எடுக்கமாட்டார்கள்.

புதிதாக வந்தவர்கள் மாட்டுப்படுவது கடையில் விற்கிற விறகுக் கிண்ண அடுப்பில்தான். பகிரங்கமாக விற்கிறார்களே, பிறகென்ன என்று வாங்கிவிடுகிறார்கள். விற்கத் தடையில்லை, ரொறன்ரோ எல்லைக்குள் அதில் விறகு எரிக்கத்தான் தடை. புகைபோக்கி வைத்த மண் அடுப்புக்கும் அதே தடைதான். வேறு நகரத்தில் மச்சான் மூட்டுகிறார் என்ற நியாயமும் எடுபடாது. ஸ்ரீல்ஸ் வீதிக்குத் தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம் அல்லது வோன். வீதியைக் கடந்தால் சபையும் வேறு, துணைவிதியும் வேறு. அனுமதிப் பத்திரம் கொடுக்கிற நகரங்களும் ஒன்ராறியோவில் உண்டு. உங்கள் முகவரி எந்தச் சபைக்குள் என்று முதலில் பாருங்கள்.

ஒன்ராறியோ தீ விதிக்கோவை சமையலுக்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. நெருப்பு சிறியதாக, அடைப்புக்குள் இருக்கவேண்டும். கிறில், பார்பிக்யூ அல்லது சுடுகம்பியில் உணவு சமைக்கவேண்டும். சமைக்கிற அளவுக்கு மேல் நெருப்பு பெருக்கக்கூடாது. முழு நேரமும் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். இறைச்சி வாட்டி முடிந்தபின் குளிர்காய விறகு அடுக்கினால் விலக்கு போய்விடும்.

தைப்பொங்கலுக்கு முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பானை ஏற்றவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு, அது நல்ல ஆசை. ஆனால் விதியில் கல்லடுப்பு என்ற சொல்லே இல்லை. ஆகவே நகரசபையின் தகவல் இலக்கமான 311க்கு அடித்துக் கேட்டபின் செய்யுங்கள். பனியில் ஊறிய கல் சூடேறும்போது உள்ளே நீர் ஆவியாகி வெடித்துச் சிதறும். கொங்கிறீற் தரையும் அப்படியே பெயரும். பழைய வேலிப் பலகையை ஒருபோதும் விறகாக்காதீர்கள்: 2004க்கு முந்திய பச்சைநிறப் பலகைகளில் ஆர்சனிக் என்ற நஞ்சை ஏற்றியிருப்பார்கள். அது புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும்.

வெளிப்பாவனைக்கென்று அங்கீகாரம் பெற்ற புரொப்பேன் அடுப்புக்கு இந்தத் தடை இல்லை. அடிப்பெட்டி அகலமானதாகப் பார்த்து வாங்குங்கள். நிறைந்த பானை சரியாது. ஒவ்வொரு முறையும் குழாயைப் பூட்டியதும் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். குமிழி எழும்பினால் வாயு கசிகிறது. சிலிண்டரை மூடிவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

காற்று அடிக்கிறதே என்று அடுப்பைக் கராஜுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். கதவைப் பாதி திறந்து வைத்தாலும் காபன் மொனொக்சைட்டு என்ற நச்சுவாயு உள்ளே தேங்கும், வீட்டுக்குள் போகிற கதவின் இடுக்கால் படுக்கையறைவரை ஏறும். அதற்கு மணமில்லை, தலையிடி, குமட்டல் தொடங்கும்போதே உடம்பில் ஏறியிருக்கும். காற்றுக்கு ஒரு தகர மறைப்பு வாங்கி முற்றத்திலேயே பொங்குங்கள்.